உறைக்காத மிளகாய்க்கு ஏழு விரல்

மகனே கிளாட்வின்,

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். தபால்காரருக்கு வேலை இல்லாத கடிதம். நேரில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று நீ கேட்பாய். நேரில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், அதுதான் சங்கதி. அறுபத்திரண்டு வருஷமாக விளையாட்டுக்குப் பொய் சொல்லிப் பழகிய வாய் இது. உண்மையைச் சொல்லும்போதும் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொள்கிறது. கைக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. அதனால் கையிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் கப்பல் கம்பெனிக்கு நீ பதில் சொல்ல வேண்டும். வரவில்லை, இனி கூப்பிடவும் வேண்டாம் என்று சொல்லப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று: என் வாய் எரியவில்லை. ஏழெட்டு மாதமாக எரியவில்லை. இதை நீ இரண்டு தரம் படித்துவிட்டு, கோபப்படுவதாக இருந்தால் கோபப்பட்டுவிட்டு, மேலே படி.

நாக்கின் இடப்பக்கத்தில் அந்தக் கட்டி வந்ததும், திருநெல்வேலியில் அதை வெட்டி எடுத்ததும், அப்புறம் முப்பது நாள் கரண்ட் என்று சொல்லிக் கதிர்வீச்சு வைத்ததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கப்பலில் இருந்து பாதியில் இறங்கி வந்து, தினமும் என்னை பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன் நீ. துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கிரேன் ஆபரேட்டராக இருந்தவனுக்கு ஆபரேஷன் என்றால் பயமா என்று டாக்டரிடம் ஜோக்கடித்தேன். அவர் சிரிக்கவில்லை, நீதான் சிரித்தாய். சிரித்துவிட்டு வெளியே போய் ரொம்ப நேரம் வராமல் இருந்தாய். கரண்ட் முடிந்தபோது பல் விளக்கும் பேஸ்ட்கூட எனக்குத் தீயாக இருந்தது. இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தேன். உனக்கு அந்த வருஷம் ஃபோர்த் இன்ஜினியராகப் போக வாய்ப்பு வந்தது, எனக்கு வாய்ப்புண் வந்தது என்று பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்று வேறு விளக்கம். உன் முகத்தை அப்போது நான் கவனித்திருக்க வேண்டும்.

உனக்கு எட்டு வயதில் நான் செய்த ஒரு காரியம் நினைவிருக்கிறதா? எனக்கு மறந்துபோயிருந்தது, இப்போது மறக்க முடியவில்லை. உன் பிறந்தநாளுக்கு மக்ரூன் வாங்கி வந்து, அதில் ஒன்றின் அடியைச் சுரண்டி மிளகாய்ப்பொடியை வைத்து மூடினேன். உன் சித்தப்பாவுக்கு வைத்த கண்ணி. அதை நீ எடுத்து வாயில் போட்டுவிட்டாய். நான் பதறிப்போய்ப் பார்க்கிறேன், நீ மென்றுகொண்டே இருக்கிறாய். கண் சிவக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, ஆனால் நீ துப்பவில்லை. "ஒறைக்குதாலே?" என்று கேட்டேன். "இல்லப்பா, நல்லாருக்கு" என்றாய். அப்பாவின் விளையாட்டு தோற்றுவிடக்கூடாது என்று எட்டு வயதில் உனக்குத் தோன்றியிருக்கிறது. உன் அம்மா குசினியில் இருந்து கரண்டியோடு வந்து, "பெத்த பிள்ளைக்கு மொளகாப்பொடி குடுக்கவா உங்களக் கட்டுனேன்?" என்று கத்தினாள். நான் சிரித்தேன். எரிந்ததை எரியவில்லை என்று சொன்னவன் நீ. எரியாததை எரிகிறது என்று சொன்னவன் நான். ஒரே வீட்டில் இரண்டு பொய்யர்கள். உன் பொய்க்கு மோட்சம் உண்டு, என் பொய்க்கு என்ன உண்டென்று தெரியவில்லை.

மாடியில் தோட்டம் போட்டது உன் யோசனை. மிளகாயே இல்லாத சாப்பாட்டை நான் நோஞ்சான் பிள்ளைபோலத் தள்ளிவைப்பதைப் பார்த்துவிட்டு, "உறைப்பு வேண்டாம்பா, மொளகாயோட மணம் மட்டும் போதும்லா? அப்படி ஒண்ணு இருக்கும், நான் கண்டுபிடிக்கேன்" என்றாய். இன்ஜின் ரூமில் எண்ணெய் ஒழுகும் இடத்தைத் தேடுகிறவன் மாதிரி தேடினாய். குடைமிளகாயில் ஆரம்பித்தாய். நம் ஊர் வெயிலுக்கு அது பூத்துப் பூத்து உதிர்த்தது, ஒரு காய் நிற்கவில்லை. காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு ஆகும், வற்றலாக்கிக் குழம்பில் போட்டால் சிவப்பு வரும், உறைப்பு கம்மி; ஆனால் கம்மி என்பது இல்லை என்பதாகாது, என் நாக்குக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிவைத்தாய். கடைசியில் பஜ்ஜி மிளகாயில் வந்து நின்றாய். நீளமாய், வெளிர்ப்பச்சையாய், பார்த்தால் சோம்பேறி மாதிரி தொங்கும் காய். விதை முற்றுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும், நெடுக்காகக் கீறி உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், உறைப்பு முழுக்க அதில்தான் குடியிருக்கிறது, விதையில் இல்லை என்று எனக்குப் பாடம் எடுத்தாய். நான் கொட்டாவி விட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாக இருந்தது. என் நாக்குக்காக இவ்வளவு படித்த ஆள் உலகத்தில் வேறு யார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பரீட்சை. நீ கத்தியால் நகக்கண் அளவு ஒரு துண்டு நறுக்கி என் நாக்கில் வைப்பாய். பேசக்கூடாது, பேசினால் ஜோக்கடிப்பேன் என்று விதி போட்டிருந்தாய். எரிச்சல் எவ்வளவு என்று விரலால் காட்ட வேண்டும். முதல் தடவை பத்து விரலையும் காட்டிவிட்டுக் காலையும் தூக்கினேன், அது உண்மை. அடுத்தடுத்த வாரங்களில் ஒன்பது, எட்டு. அதுவும் உண்மை. "மூணு விரலுக்கு வந்துட்டா நான் கப்பலுக்குக் கெளம்பிருவேம்பா, அதுக்கு மேல அம்மா பாத்துக்கிடுவா" என்று நீயே ஒரு கோடு கிழித்தாய். நல்ல கோடுதான். ஆனால் கோட்டை என் கையில் கொடுத்தாயே, அங்கேதான் நீ தப்பு செய்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. துண்டை வைத்தாய். நான் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பச்சை மணம் மட்டும் வந்தது, மழை பெய்த அன்று கொல்லையில் வருமே, அந்த மணம். நாக்கு எனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்தது. எழுந்து ஆடியிருப்பேன். அந்த நேரம் பார்த்து உன் போன் அடித்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாய். "அடுத்த மாசம் ரெடி சார். அப்பா ஏறக்குறைய ஓகே. ஒம்பது மாச கான்ட்ராக்டா? பிரச்சினை இல்ல சார்." உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டியவன் நான். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒன்பது மாதம் கழித்து இவன் வரும்போது இந்த நாற்காலியில் ஆள் இருக்குமா என்று தோன்றியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி போய் வாயைத் திறந்து உட்கார வேண்டும், டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார், அந்த ஒரு நிமிஷம் பக்கத்தில் உன் முழங்கை இருக்காது என்று தோன்றியது. நீ போனை வைத்துவிட்டு, "எத்தனப்பா?" என்றாய். நான் ஏழு விரலைக் காட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கிரேனில் இருக்கும்போது சுமையின் ஆட்டத்தைப் பார்த்தால் கை தானாக லீவரை இழுக்கும், அப்படித்தான் அன்றும் கை தூக்கியது. அடுத்த வாரம் சரிசெய்துகொள்ளலாம், ஒரு விளையாட்டு என்று சொல்லிச் சிரித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ சிரிப்பதற்கு இடமே கொடுக்கவில்லை. உன் முகம் தொங்கிப்போயிற்று. பத்து நிமிஷத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டாய். "நம்ம போர் தண்ணி உப்புல்லா, செடி தவிச்சுப்போயிருக்கு. தவிச்ச செடியில காய் ஒறைக்கும்பா." கம்பெனிக்கு அடுத்த மாதம் இல்லை என்று சொன்னாய். அதே செடியில் பழுக்க விட்ட ஒரு காயில் இருந்து விதை எடுத்து, புதிதாக நாற்றுவிட்டு, குடிதண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மாடிக்குச் சுமந்தாய். விதை போட்டுக் காய் பறிக்க மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நீ குடம் சுமக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கீழே படுத்திருந்தேன். இனிமேல் எப்படிச் சொல்வது? முதல் வாரம் சொன்னால் விளையாட்டு. மூன்றாம் மாதம் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

அந்தப் புதுக் காய்க்கு வைத்த பரீட்சையில் மறுபடியும் ஏழு. இந்த முறை நீ உன் அம்மாவின் முண்டு மிளகாய்ச் செடியைப் பிடித்தாய். விளாத்திகுளத்தில் இருந்து அவள் தங்கை கொண்டுவந்து கொடுத்த செடி, குண்டு குண்டாய் உருண்டைக் காய், இரண்டு போட்டால் ஒரு சட்டி குழம்பு உறைக்கும். "உறைப்புச் செடி பக்கத்துல இருந்தா தேனீ மாத்திரும்பா. இந்தக் காய்க்கு ஒண்ணும் ஆகாது, ஆனா அந்த வெதய போட்டா அடுத்த செடி ஒறைக்கும். நான் வெத எடுத்தது தப்பு" என்றாய். நீ சொன்ன விவரம் அத்தனையும் சரி. என் வாய்தான் தப்பு. உன் அம்மா அவளே போய் அந்தச் செடியைப் பிடுங்கிவிட்டு வந்தாள். வேரோடு வந்ததைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு நீ கோயம்புத்தூரில் இருந்து விதை வரவழைத்தாய், மஞ்சளாய் வாழைப்பழம் மாதிரி நீண்டிருக்கிற இனம், உறைப்பே கிடையாது என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. இன்னொரு மூன்று மாதம். கம்பெனி இரண்டாவது தடவை கூப்பிட்டது, நீ இரண்டாவது தடவையும் இல்லை என்றாய். அந்தக் காய் பழுத்தபோது நான் ஆறு விரல் காட்டினேன். ஒரு விரலைக் குறைத்தது நம்பும்படி இருக்கட்டும் என்று. இதை எழுதும்போது எனக்கே என் கையை வெட்டலாம்போல இருக்கிறது.

உன் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அவள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எனக்கு உறைக்கும் என்பதற்காக இந்த வீட்டில் ஒரு வருஷமாக யாருக்கும் மிளகாய் கிடையாது. வெள்ளைச் சொதி, வெள்ளைக் கஞ்சி, வெள்ளை மனசு. செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறாளே, கோயிலில் அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு நேராகத் திரேஸ்புரத்தில் தங்கை வீட்டுக்குப் போய் சாளைக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். கொழுந்தியாளே ஒருநாள் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அத்தான், அக்கா கொழம்பு சட்டிய வழிச்சு நக்குதா. பாவம், அவளுக்கு ஒரு விடுதல குடுங்க." நானும் சிரித்தேன். என்னால் குழம்பு சாப்பிட முடியும், அவளால் முடியும், உன்னால் முடியும். மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். பூட்டிய வீட்டுக்குள் நாம் எல்லாரும், சாவி என் மடியில்.

இதை நான் எங்கே கற்றேன் என்று யோசித்தால் உன் தாத்தாவிடம்தான் போய் நிற்கிறது. எனக்கு இருபத்திரண்டு வயதில் கப்பலில் ஏறும் வாய்ப்பு வந்தது. ஏறும் வாரம் பார்த்து அவருக்கு நெஞ்சு வலித்தது. போகவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு கப்பல், இன்னொரு நெஞ்சுவலி. மூன்றாவது தடவை நானே கேட்கவில்லை, துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதற்கப்புறம் அவர் இருபது வருஷம் நன்றாக இருந்தார். கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கேபினில் உட்கார்ந்துகொண்டு, ஊர் ஊராகப் போகிற கப்பலுக்கெல்லாம் பெட்டி ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் கப்பல் போகும், பெட்டியும் போகும், நான் கேபினில் இருப்பேன். கீழே நிற்கிறவனுடைய டிபன் கேரியரைக் கொக்கியில் மாட்டி மேலே தூக்கி ஆட்டுவேன். "ஏலே, சோத்த எறக்குலே!" என்று அவன் குதிப்பான். என்னைக் குறும்புக்காரன் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உன் தாத்தாவுக்கு அந்த வலி நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்காமலே மண்ணில் வைத்துவிட்டேன். நீ என் விஷயத்தில் அப்படி ஒரு சந்தேகத்தோடு காலம் தள்ள வேண்டாம். நான் சொல்லிவிடுகிறேன்: பொய்.

இனி நேற்று நடந்தது. நீயும் அம்மாவும் துணி எடுக்கப் போயிருந்தீர்கள். நான் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடைக்குப் போய் மூன்று மிளகாய் பஜ்ஜியும் சிவப்புச் சட்னியும் வாங்கினேன். இது முதல் தடவை இல்லை. கடை அண்ணாச்சி சட்னியைக் கட்டிக்கொண்டே, "வாய் ஆறிட்டுபோல அண்ணாச்சி?" என்றார். "ஆறிட்டு. ஊர்ல சொல்லிராதீரும்" என்றேன். "நல்ல விசயத்த எதுக்கு மறைக்கீரு?" என்று கேட்டார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் சாப்பிட்டால் எண்ணெய் மணம் காட்டிக்கொடுக்கும் என்று மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் உட்கார்ந்தேன். இரண்டாவது பஜ்ஜி பாதியில் இருக்கும்போது படியில் செருப்புச் சத்தம். துணிக்கடை பூட்டியிருந்ததாம், நீங்கள் திரும்பிவிட்டீர்கள். உன் அம்மா கொடியில் கிடந்த துணியை எடுக்க வந்தாள், பின்னாலேயே நீ. நான் முழங்காலை மடக்கி மூச்சை அடக்கினேன். மத்தியான வெயில் சுவரில் இருந்து முதுகில் இறங்கியது. கையில் பஜ்ஜி, உதட்டில் சட்னி. சிரிப்புக்கூட வந்தது. ஒரு நிமிஷத்தில் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

நீ செடிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினாய். "எம்மா, நான் ஒண்ணு சொல்லுதேன், நீ அழக்கூடாது." உன் அம்மா துணியை மடிப்பதை நிறுத்தினாள். "அந்த மஞ்சக் காய நானும் தின்னு பாத்தேன். வெள்ளரிக்கா மாதிரி இருக்கு. அதுல ஒறைக்க ஒண்ணுமே இல்ல. அது எப்படி அப்பாவுக்கு எரியும்? டாக்டர்ட்ட கேட்டேன். புண் ஆறியாச்சே, ஏன் எரியணும்னு அவரே யோசிக்காரு. வியாழக்கெழம சதை எடுத்துப் பாத்துரலாம்னு சொல்லிட்டாரு." "கட்டி திரும்ப வந்துட்டுதாலே?" என்று அவள் கேட்டாள். அந்தக் குரலை நான் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் கேட்டதில்லை. "தெரியலம்மா. ஆனா நான் இனி கப்பலுக்குப் போகல. நாளைக்குச் சாயங்காலம் அவங்க போன் பண்ணுவாங்க, சொல்லிருவேன். மூணாவது தடவையும் இல்லன்னு சொன்னா அப்புறம் அவங்க எடுக்க மாட்டாங்க. எடுக்காட்டி போட்டும்." நீ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள், "அழாதலே, எனக்கு அழக்கூடாதுன்னு சொல்லிட்டு நீ அழுதா எப்படி? அவியளுக்குத் தெரியாண்டாம். அவிய சிரிச்சுட்டு இருக்கட்டும்" என்றாள்.

மகனே, நான் அப்போது எழுந்து வந்திருக்க வேண்டும். நாலு அடி தூரம். எழுந்து, இதோ பாருங்கள், எனக்கு ஒன்றுமில்லை, மிளகாய் பஜ்ஜி தின்கிறேன் என்று காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நான் எழவில்லை. பிள்ளை அழுகிறான், தகப்பன் தொட்டிக்குப் பின்னால் சட்னியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெட்கமா, பயமா, எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள் இறங்கிப்போன பிறகும் என்னால் எழ முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. இத்தனை மாதம் நான் உன்னை மட்டும்தான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். என் எரிச்சலை நம்பியதால் நீ என் சாவை வேறு தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. விளையாட்டுக்காரனுக்கு எதிராளி சிரிப்பான் அல்லது கோபப்படுவான் என்று மட்டும்தான் தெரியும். எதிராளி ஒரு மூலையில் போய்ப் பயந்துகொண்டிருப்பான் என்று தெரியாது.

நேற்று சாயங்காலம் நான் டாக்டருக்குப் போன் செய்தேன். முழுவதையும் சொன்னேன். "நிஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல இதுவும் பையனை அனுப்பி வைக்கிறதுக்கா?" என்று கேட்டார். பார், அவருக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கு வலித்தது, ஆனால் கேட்டது நியாயம். பஜ்ஜி, சட்னி, கடை இருக்கிற இடம் எல்லாம் சொன்ன பிறகு, "வியாழக்கிழமை வாங்க, சும்மா பார்க்கிறேன். வெட்ட வேண்டிய தேவை இருக்காதுன்னு நினைக்கிறேன்" என்றார். போவேன். ஆறரை பஸ்ஸில் தனியாகப் போவேன். அம்மா வந்தால் வரட்டும், நீ வேண்டாம். உன் முழங்கை இல்லாமல் வாயைத் திறந்து உட்கார எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதில் விளையாட்டு இல்லை. அந்தப் பயம் என்னுடையது, அதை உன் தலையில் இறக்கிவைத்தது தப்பு.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தகப்பன் வேலை தகப்பன் வேலைதான். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடும் மாடியும் வரும்போது மிளகாய் வை. எதை வைக்கிறாய் என்பதை மண்ணைப் பார்த்து முடிவுசெய்யாதே, உன்னோடு சாப்பிட உட்காருகிறவர்களைப் பார்த்து முடிவுசெய். உறைப்பு ஆகாதவர்கள் வீட்டில் இருந்தால் பஜ்ஜி மிளகாய் நாலு செடி போதும். தண்ணீரை மட்டும் விட்டு விட்டு ஊற்றாதே, ஒரேயடியாய்த் தவிக்க விட்டுவிட்டு அப்புறம் குடம் குடமாய் ஊற்றினால் அது பழிவாங்கும். உறைப்பு வேண்டும் என்கிறவர்களுக்கு முண்டும் வை, ஆனால் மொட்டைமாடியின் மறுகோடியில் வை, விதைக்கு அதில் இருந்தும் இதில் இருந்தும் எடுக்காதே, கடையில் வாங்கு. ஒருவருக்கு ஆகாது என்பதற்காக வீடு முழுக்க உறைப்பை நிறுத்தாதே. எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடப்பது பாசம் இல்லை என்று நான் இப்போது சொல்வேன், நேற்றுவரை அதில் சுகமாகத்தான் இருந்தேன். அப்புறம், உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உனக்காக எதையாவது தள்ளிப்போட்டால், ஏன் என்று ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை கேள். அது "இல்லப்பா, நல்லாருக்கு" என்று சொல்லும். நம்பாதே.

கம்பெனி இந்த முறை உன்னை எடுக்குமா என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை கெடுத்தவன் நான், மூன்றாவதும் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கலாம். எடுக்காவிட்டால் அதற்கும் நான்தான் காரணம், அதை நீ என்னிடம் சொல்லிக்காட்டலாம், நான் ஜோக்கடித்து மழுப்ப மாட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அதனால் கேட்கவில்லை. கொஞ்ச நாள் கோபமாக இரு. கப்பலில் இருந்துகொண்டு கோபமாக இரு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கொரியர்காரர் வந்து ஒரு சின்ன பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். நீ வாங்கிப் பிரித்ததைப் பார்த்தேன். இன்னொரு விதை. இதுவாவது அப்பாவுக்கு ஆகுதா பாப்போம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மண்வெட்டியோடு மேலே போயிருக்கிறாய். பையில் மண் தட்டுகிற சத்தம் கேட்கிறது. கரண்ட் வைத்த பிறகு என் குரல் மாடிவரை எட்டுவதில்லை, கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. இத்தோடு நிறுத்திக்கொண்டு நானே படியேறி வருகிறேன். கடிதத்தை வாங்கப் போகிற கையில் விதை இருக்கும். கடைசி வரிவரை படிக்கிற மட்டும் அதை மண்ணில் போடாதே, மகனே. போட்டால் மூன்று மாதம்.

அப்பா